மகன் செய்த பஸ் மோடுக்குக் காசு கேட்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 17 வயது. மார்த்தாண்டத்தில் பிளஸ் டூ படிக்கிறான். மொபைல் பஸ் விளையாட்டு ஒன்றுக்கு, நம் ஊரில் ஓடும் பஸ்களைப் போலவே மோட் (விளையாட்டுக்குள் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் கோப்பு) செய்து இலவசமாகக் கொடுத்துவந்தான். இப்போது ஒரு வாட்ஸ்அப் குழுவின் அட்மின் அவற்றுக்குப் பாஸ்வேர்டு போட்டு, ஒன்று 50 ரூபாய்க்கு விற்கிறார். மகன் கேட்டதற்கு, “மொத்தமாக 3,000 ரூபாய் தருகிறேன், முழு உரிமையையும் எழுதிக் கொடு, காப்பிரைட் பதிவும் நானே எடுத்துத் தருகிறேன்” என்கிறார். விளையாட்டுக்குச் செய்த வேலைக்குக் காசு வாங்குவது சரிதானா? கையெழுத்துப் போடலாமா?
– ஒரு தாய், குழித்துறை

பதில்: கையெழுத்து வேண்டாம், அம்மா. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

காசு கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. முன்கண்ணாடியின் வளைவு, ஜன்னல் கம்பி, பக்கவாட்டு நிறப்பட்டை என்று பார்த்துப் பார்த்துச் செய்ய அவன் எத்தனை இரவு விழித்திருந்தான் என்பது உங்களுக்குத்தான் தெரியும். “ஆசைக்குத்தானே செய்கிறான்” என்று சொல்கிறவர்களில் பாதிப் பேர் அந்த ஆசையில் காசு பார்க்கிறவர்கள். உலகமே விளையாடும் கவுண்டர் ஸ்டிரைக்கூட 1999-இல் ஹாஃப் லைஃப் விளையாட்டுக்கு இருவர் செய்த மோடாகத்தான் பிறந்தது. ஹாஃப் லைஃபைச் செய்த வால்வ் நிறுவனம் அதை வாங்கி, செய்தவர்களையும் வேலைக்குச் சேர்த்துக்கொண்டு, 2000-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

ஆனால் கூலி கேட்பது வேறு, மோடை விலைக்கு விற்பது வேறு. மைன்கிராஃப்ட் என்ற விளையாட்டின் விதிமுறையையே பாருங்கள்: நீங்கள் சொந்தமாகச் செய்த மோட் உங்களுடையதுதான், ஆனால் அதை விற்கக் கூடாது என்கிறது. விளையாட்டுக்கு விளையாட்டு இது மாறும். உங்கள் மகன் மோட் செய்யும் விளையாட்டின் விதிமுறைப் பக்கத்தை அவனையே வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள். விற்கக் கூடாது என்று இருந்தால் அட்மினின் 50 ரூபாய் வியாபாரமும் விதிமீறல்தான். நாளைக்குப் பிரச்சினை வந்தால் மோடில் இருக்கும் பெயர் உங்கள் மகனுடையது, அட்மினுடையது அல்ல.

இன்னொன்றையும் அவனிடம் நேராகக் கேளுங்கள்: முழுவதும் நீயே செய்ததா, வேறொரு விளையாட்டிலிருந்து எடுத்து மாற்றியதா? 2015 ஏப்ரலில் ஸ்கைரிம் விளையாட்டின் மோட்களை விலைக்கு விற்க வால்வும், அந்த விளையாட்டைச் செய்த பெதெஸ்டாவும் வழி திறந்தன. விற்ற காசில் செய்தவருக்குக் கிடைத்தது 25 சதவீதம் மட்டுமே. அதில் விற்பனைக்கு வந்த ஒரு மீன்பிடி மோட், இன்னொருவர் இலவசமாகக் கொடுத்திருந்த வேலையை நம்பி நின்றது. தகராறு கிளம்பியதும் எடுத்துவிட்டார்கள். சில நாட்களில் அந்தத் திட்டமே கைவிடப்பட்டது. இலவசமாகக் கொடுக்கும்வரை யாரும் கேட்காத கேள்வியெல்லாம் விலைச்சீட்டு ஒட்டிய மறுநாள் வந்து நிற்கும். தனியார் பஸ்ஸின் பெயரையும் சின்னத்தையும் அப்படியே வரைந்து விற்பதும் இந்த வகைதான்.

இனி அந்த 3,000 ரூபாய். தோப்பைப் பாட்டத்துக்கு விடுவதற்கும் கிரயம் எழுதிக் கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் நம் மாவட்டத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அட்மின் கேட்பது கிரயம், கொடுப்பது பாட்டத்துக்கும் காணாத பணம். எந்தப் படைப்பு, எந்த உரிமை, எத்தனை காலம், எந்த நாடு, என்ன தொகை என்பதெல்லாம் உரிமை மாற்றப் பத்திரத்தில் இருக்க வேண்டும் என்று 1957-ஆம் ஆண்டுக் காப்பிரைட் (பதிப்புரிமை) சட்டத்தின் 19-ஆம் பிரிவு சொல்கிறது. காலம் எழுதாவிட்டால் 5 ஆண்டுதான். இடம் எழுதாவிட்டால் இந்தியா மட்டும்தான். இது தெரிந்த தரகர்கள் ‘உலகம் முழுவதும், என்றென்றைக்கும்’ என்று அச்சடித்த தாளோடுதான் வருவார்கள். வெற்று முத்திரைத்தாளில் கையெழுத்து மட்டும் கேட்பவர்களும் உண்டு. அவர்களுக்கு வீட்டுத் திண்ணையில் இடம் கொடுக்காதீர்கள்.

மகனுக்கு 18 நிறையவில்லை என்பதை அட்மின் கவனித்தாரோ இல்லையோ, நீங்கள் நன்றாகக் கவனியுங்கள். 18 வயது நிரம்பாதவரின் ஒப்பந்தம் செல்லாது. 1903-இல், அன்றைக்கு நமக்கு மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் சொன்ன தீர்ப்பு இன்றும் நிற்கிறது. ‘பிறந்தநாள் வரட்டும், அன்றைக்குப் பழைய தாளையே உறுதிப்படுத்திவிடலாம்’ என்பதும் நடக்காது. புதிதாகத்தான் எழுத வேண்டும். அதனால்தான் தரகர்கள் பெற்றோரைக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். மகனின் நன்மைக்காகப் பாதுகாவலர் செய்யும் ஒப்பந்தம் அவனைக் கட்டக்கூடும். அவன் கையெழுத்தைவிட உங்கள் கையெழுத்துதான் இங்கே ஆபத்து. மோட் செய்தவனே அதன் உரிமையாளன், வயது அதற்குத் தடையில்லை. ஆனால் பத்திரம் செல்லாது என்று நான் நீதிமன்றத்தில் வாதிட்டு முடிப்பதற்குள் அந்தக் கோப்பு ஆயிரம் பேர் மொபைலில் ஏறியிருக்கும். செல்லாத பத்திரம் என்பதில் அவருக்கு நஷ்டமே இல்லை.

வருமான வரியைப் பற்றிப் பயம் வேண்டாம். பிள்ளை தன் திறமையால் சம்பாதித்தது பெற்றோர் வருமானத்தோடு சேர்க்கப்படாது.

காப்பிரைட் பதிவு வாக்குறுதியை நம்பவே நம்பாதீர்கள். படைப்பு உருவானதுமே உரிமை வந்துவிடும், பதிவு கட்டாயமில்லை. வேண்டுமென்றால் நீங்களே ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். அட்மின் தன் பெயரில் பதிவு செய்துகொண்டு உங்கள் மகனையே ‘திருடன்’ என்று சொல்வதற்குத்தான் வழி. மறுப்பு வருகிறதா என்று பார்க்க 30 நாள் காத்திருப்பு விதியிலேயே உண்டு. அதற்குப் பிறகு கோப்பு எப்போது நகரும் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. காவல் நிலையத்துக்குப் போனாலோ, “கேமா?” என்று சிரிப்பார்கள். இந்தத் தாமதத்திலும் சிரிப்பிலும்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள்.

செய்ய வேண்டியது இது. விதிமுறையில் தடை இல்லையென்றால் அட்மினுக்கு இப்படி எழுதி அனுப்பச் சொல்லுங்கள்: “என் மோட்களை நீங்கள் பகிரவும் விற்கவும் மட்டும் 6 மாத அனுமதி. உரிமை என்னுடையது. விற்பதில் பாதித் தொகை மாதாமாதம் எனக்கு வர வேண்டும். பெயரை அழிக்கக் கூடாது.” விற்பனைக்குத் தடை இருந்தால், விற்பதை உடனே நிறுத்தச் சொல்லி ஒரு வரி போதும். அனுப்பியதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். முக்கியமாக, பிளெண்டர் போன்ற முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளில் செய்த மூலக் கோப்பை, எவ்வளவு அன்பாகக் கேட்டாலும், யாருக்கும் அனுப்ப வேண்டாம். தேதியோடு ஒரு பென் டிரைவில் போட்டு அலமாரியில் வையுங்கள். வழக்கு என்று வந்தால் முதலில் நான் கேட்கப்போவது அதைத்தான்.