ஏரிக்கரை வழி

அன்புள்ள அண்ணா,

பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர். வயது 41. தக்காளி இரண்டு முறையும் கைவிட்டது. பறிகூலிக்குக்கூட மண்டியில் விலை இல்லை. மனைவி பெயரில் மூன்று குழுக் கடன். வறுமைதான் ஒருவனைச் சாகும் எண்ணத்துக்குத் தள்ளுகிறதா, இல்லை, மனம் பலவீனமானவனுக்குத்தான் அப்படித் தோன்றுமா? மானம் போன பிறகு உயிர் எதற்கு என்று சில இரவுகளில் எனக்கே தோன்றுகிறது. இதைப் பற்றியெல்லாம் நீங்கள் ஏன் எழுதுவதில்லை?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

கடிதம் பார்த்த இரவே உங்களோடு பேசிவிட்டேன். உங்கள் சம்மதத்தோடுதான் இதை இங்கே போடுகிறேன். மனசு தளரும்போது கூப்பிட அரசு வைத்திருக்கும் 14416 என்ற மனநல உதவி எண்ணை மனைவியின் போனிலும் பதிந்து வைக்கச் சொன்னேனே, செய்தீர்களா? நடுராத்திரியிலும் தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. தமிழக அரசின் 104 என்ற சுகாதார உதவி எண்ணும் உண்டு.

நான் ஏன் எழுதவில்லை என்பதை விடுங்கள். மனபலவீனம் என்பது வயிறு நிறைந்தவன் பேச்சு. 2022-ல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்டதாகப் பதிவான 1,70,924 பேரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு ஆண்டு வருமானம் ஒரு லட்சத்துக்கும் கீழே. நெருக்கடி உண்மை. ஆனால் அதே வருமானத்தில்தான் நம் பக்கத்தில் எத்தனையோ குடும்பங்கள் களி கிண்டிப் பிழைத்துக் கிடக்கின்றன. கடனோடு தூக்கமின்மையும் குடியும் சேரும்போது, வாய்விட்டுச் சொல்ல ஆளும் இல்லாதபோது, வேறு வழியே இல்லை என்று மனம் பொய் சொல்லத் தொடங்குகிறது.

எனக்குக் கோபம் அந்த 'மானம்' மீதுதான். யார் சொல்லிக் கொடுத்தது, கடன்பட்டவனுக்கு மானம் இல்லை என்று? குழுக் கடனின் சூட்சுமமே அதுதான். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் தலையில் விழும். பக்கத்து வீட்டுக்காரியே வசூல்காரி ஆகிவிடுகிறாள். காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்குக் கூப்பிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே சொல்லிவிட்டது. விதியை மீறுகிறவன் தெருவில் நிமிர்ந்து நடக்கிறான், விலை கிடைக்காதவன் தலைகுனிகிறான். இதென்ன கணக்கு? 'வீட்டுக்கு நான் பாரம்' என்று போனில் சொன்னீர்களே, அதை உங்கள் மனைவியிடம் கேட்டீர்களா? கேட்காமல் அவளுக்கும் சேர்த்து நீங்களே தீர்ப்பு எழுதுவீர்களோ?

என் அப்பாவும் இப்படித்தான். பென்னாகரம் பக்கம் மழை பொய்த்த ஒரு வருஷம். டீக்கடையில் பாக்கி. அந்தக் கடையைத் தாண்டிப் போகக் கூசி, மூன்று மாதம் ஏரிக்கரையைச் சுற்றியே போய்வந்தார். வீட்டில் பேச்சே இல்லை. அம்மா பயந்துபோய் மாமாவுக்குச் சொல்லி அனுப்பினாள். மாமா புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு ராத்திரி அப்பாவின் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்தார். மூன்றாம் நாள் என் பழைய நோட்டில் யாருக்கு எவ்வளவு என்று அப்பா வாயாலேயே சொல்ல வைத்து எழுதினார். பிறகு அவரைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு வீடாகப் போய்த் தவணை கேட்டார். சிலர் திட்டினார்கள். கடைசியாக டீக்கடை. கடைக்காரர் பாக்கியைப் பற்றிப் பேசவே இல்லை. "மூணு மாசமா ஆளையே காணோம், வேற கடை புடிச்சிட்டியா?" என்று சண்டைக்கு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். எல்லாப் பாஸ்புத்தகங்களையும் எடுத்து வையுங்கள். உங்கள் மனைவியும் கூட உட்காரட்டும்.