கிடேரிக்கு ஸ்கேன் – கடிதம்

அன்புள்ள டாக்டர்,

கனடாவில், ஆல்பர்ட்டாவில் ஒரு கறிமாட்டுப் பண்ணையில் வேலை பார்க்கிறேன். போன வாரம் 13 மாதக் கிடேரிகளுக்கெல்லாம் ஸ்கேன் பார்த்தார்கள். தாய் செத்துப்போனதால் நான் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த ஆங்கஸ் கிடேரிக்கு, ‘மஞ்சள்கட்டி இல்லை, குமிழ்களும் குறைவு, கழித்துவிடலாம்’ என்று எழுதிவிட்டார்கள். பார்த்தது இரண்டு நிமிஷம்கூட இருக்காது. எங்கள் ஊர் டாக்டர் கையை விட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார். இந்த ஸ்கேனை நம்பலாமா?

ர.

அன்புள்ள ர.,

பாதி நம்பலாம்.

சினைப்பையில் முட்டையைச் சுமக்கும் நீர்ப்பைதான் குமிழ். முட்டை வெளியேறிய குமிழின் இடத்தில் வளரும் சதைதான் மஞ்சள்கட்டி. அது இருந்தால் கிடேரி பருவத்துக்கு வந்துவிட்டது. இல்லையென்றால் ஒன்றும் சொல்வதற்கில்லை. 21 நாள் சுழற்சியில், சினைப்பருவத்தை ஒட்டிய சில நாள்கள் நல்ல மாட்டிலும் அது திரையில் தெரியாது. அதனால்தான் பத்து நாள் விட்டு மறுபடி பார்ப்பது. இரண்டு முறையும் இல்லாவிட்டால்தான் பருவத்துக்கு வரவில்லை என்று எழுதலாம்.

திரையில் கறுப்பாகப் பெரிய உருண்டை, அதாவது பெரிய குமிழ், தெரிந்ததா? தெரிந்திருந்தாலும் சந்தோஷப்பட வேண்டாம். கசாப்புக்கூடத்துச் சினைப்பைகளை அறுத்துப் பார்த்த காலத்தில் ஒரே மாட்டை நாள்தோறும் பின்தொடர வழியில்லை. 1984இல் விஸ்கான்சினில் பியர்சனும் ஜின்தரும் மாட்டின் சினைப்பையை ஸ்கேனில் காட்டிய பிறகுதான் அது கைகூடியது. குமிழ்கள் சுழற்சிக்கு இரண்டு, மூன்று முறை கூட்டமாகக் கிளம்பும். எட்டு மில்லிமீட்டர் வாக்கில் ஒன்று முந்தும், மற்றவை சுருங்கும். மஞ்சள்கட்டி கரையாதவரை முந்தியதும் வெடிக்காமல் வாடிவிடும். பருவத்துக்கு வராத கிடேரியிலும் இதே கூத்து நடக்கும்.

குமிழ் எண்ணிக்கை வேறு கதை. அது ஒரு மாட்டுக்கு அவ்வளவாக மாறாது. இரண்டு சினைப்பையும் சேர்த்து 15 வரை என்றால் குறைவு, 25க்கு மேல் அதிகம் என்பது வழக்கம். நெப்ராஸ்காவில், கிளே சென்டர் ஆராய்ச்சி நிலையத்தில் பார்த்தபோது, குமிழ் குறைவான கிடேரிகள் சினைபிடிப்பதிலும் பின்தங்கின. பின்தங்கின, அவ்வளவுதான்; மலடு அல்ல. இந்தக் கணக்கு எல்லா இனத்துக்கும் பொருந்தாது. பிரேசிலின் நெலோர் மாட்டுக்கு, அதாவது நம் நெல்லூர்ப் பக்கத்திலிருந்து போன ஓங்கோல் வம்சத்துக்கு, இயல்பாகவே குமிழ்கள் அதிகம். உங்களுடையது ஆங்கஸ் என்பதால் பொருந்தும்.

கை விஷயம். முப்பது வருஷம் செய்தவன் நான். நடுவில் நீர் நின்ற மஞ்சள்கட்டியைத் தடவிவிட்டு நீர்க்கட்டி என்று சொல்லி அனுப்பினேன். அப்புறம் பார்த்தால் மாடு சினை! ஸ்கேன் வைத்திருந்தால் நீரைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் தடித்த சுவர் தெரிந்திருக்கும்.

முதலாளியையும் குறை சொல்ல மாட்டேன். சினைக்காலம் சுமார் 283 நாள். வருஷம் ஒரு கன்று வேண்டுமென்றால் ஈன்றபின் மிச்சம் 82 நாள்தான். முதல் ஈற்றிலேயே பிந்திய கிடேரி பெரும்பாலும் பிந்திக்கொண்டே போகும். ஒற்றைக் கிடேரி வைத்திருக்கும் நம்மூர்க்காரர் மூன்று பருவம் பொறுப்பார், உங்கள் முதலாளிக்கு அது கட்டுப்படியாகாது.

முதல் ஸ்கேனிலிருந்து பத்தாம் நாள் கிடேரியைக் கூண்டில் நிறுத்தி இன்னொரு முறை பார்க்கச் சொல்லுங்கள். கட்டி தெரிந்தால் எனக்கும் எழுதுங்கள்.