காபித்தூளும் ஃபில்டரும்: எதற்குக் காசு கொடுக்கிறோம்?

கேள்வி: வழக்கமாக 80:20 காபித்தூள்தான் (80 பங்கு காபி, 20 பங்கு சிக்கரி) வாங்குவோம். விலை ஏறிவிட்டதால் 60:40-க்கு மாறலாமா என்று யோசிக்கிறேன். கிலோவுக்கு 200 ரூபாய் மிச்சம். லாபம்தானே? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். 80:20 கிலோ 900 ரூபாய், 60:40 கிலோ 700 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் 800 கிராம் காபி இருக்கிறது. அதற்கு மட்டும் விலை பார்த்தால் கிலோ 1,125 ரூபாய். இரண்டாவதில் 600 கிராம்தான். அப்போது காபி கிலோ சுமார் 1,167 ரூபாய் ஆகிறது. மிச்சம் பிடித்ததாக நினைத்துக்கொண்டு, மலிவான சிக்கரியைக் காபி விலைக்கு வாங்கியிருப்பீர்கள். உங்கள் கடை விலையை வைத்து இதே கணக்கைப் போட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

சிக்கரியைத் திட்டவில்லை. அது வேறொரு செடியின் வேர். குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் பயிரிடுகிறார்கள். வறுத்துப் பொடித்துச் சேர்ப்பது. காஃபின் கிடையாது. ஆனால் டிகாக்ஷனுக்கு நிறமும் கெட்டியும் கொடுப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. பால் தாராளமாக விட்டுக் குடிக்கும் வீட்டில் சிக்கரியே இல்லாத தூளைப் போட்டால், "என்ன, காபி தண்ணியா இருக்கு?" என்ற குரல் நிச்சயம் வரும். 20, மிஞ்சிப்போனால் 30 சதவீதம் சரி. அதற்கு மேல் போனால் குடிப்பது வெறும் கசப்பும் கருப்பும்தான் என்பது என் கட்சி.

சட்டப்படி கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இரண்டின் சதவீதமும் பாக்கெட்டில் அச்சாகியிருக்க வேண்டும். பொடி எழுத்தில் இருக்கும், தேடிப் பாருங்கள். கலப்பில்லாதது என்று விற்ற தூளில் சந்தேகம் வந்தால், கண்ணாடி டம்ளரில் குளிர்ந்த தண்ணீர் எடுத்து மேலே ஒரு சிட்டிகை தூவுங்கள். காபி மிதக்கும். சிக்கரி சில நொடிகளில் பழுப்புக் கோடு இழுத்துக்கொண்டு கீழே இறங்கும். எத்தனை சதவீதம் என்று இதில் தெரியாது, இருக்கிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும். எழுதியது ஒன்று, உள்ளே இருப்பது ஒன்று என்றால் பில்லைப் பத்திரமாக வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.

கேள்வி: எங்கள் ஃபில்டரில் டிகாக்ஷன் இறங்கவே மாட்டேன் என்கிறது. பித்தளை ஃபில்டர் வாங்கினால் ருசியும் கூடும் என்கிறார்கள். வாங்கலாமா? (வாசகர், கோவை)

பதில்: அவசரப்படாதீர்கள். எவர்சில்வர் ஃபில்டர் என்றால், மேல் பாத்திரத்தை இடுக்கியால் பிடித்து, துளையுள்ள அடிப்பாகத்தை அடுப்புத் தீயில் காட்டுங்கள். அடைத்திருக்கும் பழைய தூள் கருகிவிடும். ஆறியதும் பிரஷ்ஷால் தேய்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அப்போதும் இறங்காவிட்டால் தூள் மாவு மாதிரி நைஸாக அரைபட்டிருக்கும், இல்லாவிட்டால் தூளின் மேல் வைக்கும் குடையால் அழுத்தி இறுக்குகிறீர்கள். இரண்டு பாத்திரமும் இறுகப் பொருந்தி, கீழே இருக்கும் காற்று வெளியேற வழியில்லாமல் போவதும் உண்டு. மேல் பாத்திரத்தை லேசாகத் தூக்கி வைத்தால் சொட்ட ஆரம்பிக்கும்.

பித்தளை அழகுதான், மறுக்கவில்லை. ருசி தூளில் இருக்கிறது, உலோகத்தில் இல்லை. உள்ளே ஈயம் பூசியிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும் (வெள்ளீயம்தான், காரீயம் ஆகாது). தேய்ந்தால் மறுபடி பூச ஆள் தேட வேண்டும். அடைப்பெடுக்கத் தீயில் காட்டவும் முடியாது, பூச்சு உருகிவிடும். புதிதாக வாங்கியே தீருவதென்றால் அளவைக் கவனியுங்கள். இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்குப் பெரிய ஃபில்டர் வாங்கினால், தூள் அடியில் மெல்லிசாகப் பரவி, வெந்நீர் நிற்காமல் ஓடிவிடும். அப்புறம் எந்தத் தூள் போட்டாலும் கள்ளிச்சொட்டு மாதிரிக் கெட்டியான டிகாக்ஷன் வராது.

கேள்வி: காபித்தூள் கடையில் "பீபெரியா, பிளான்டேஷன் ஏ-வா?" என்று கேட்கிறார்கள். முழிக்கிறேன். (வாசகி, மதுரை)

பதில்: காபியில் அரபிகா, ரோபஸ்டா என்று இரண்டு முக்கிய வகைகள். பழத்தின் தோலை உரித்து, கழுவி, உலர்த்திய அரபிகாதான் பிளான்டேஷன். ஏ, பி, சி என்பது கொட்டையின் அளவு, ருசிக்குப் போட்ட மார்க் இல்லை. ஒரு பழத்தில் வழக்கமாக இரண்டு கொட்டைகள் இருக்கும். ஒன்றே ஒன்று உருண்டையாக விளைந்தால் அது பீபெரி. அதைத் தனியாகப் பிரித்தெடுக்க வேண்டியிருப்பதால் விலை கூடுதல். ரோபஸ்டாவில் அரபிகாவைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு காஃபின், கசப்பும் அதிகம்.

பாலும் சர்க்கரையும் சேர்ந்தபின் பீபெரிக்குக் கொடுத்த கூடுதல் காசு நாக்குக்குத் தெரிவதாக எனக்குத் தோன்றவில்லை. பிளான்டேஷன் ஏ போதும். கண்ணெதிரே அரைத்துத் தரும் கடையில் 200 கிராம், 250 கிராமாக வாங்குங்கள். ஒரு கிலோ ஆஃபரில் மிச்சமாகும் காசு, மணம் போன தூளாக டப்பாவில் கிடக்கும்.

கேள்வி: மகன் மோக்கா பாட் வாங்கச் சொல்கிறான். வீட்டில் இருப்பது இண்டக்ஷன் அடுப்பு. (வாசகர், சென்னை)

பதில்: அலுமினிய மோக்கா பாட் இண்டக்ஷனில் சூடாகாது. இண்டக்ஷனுக்கு ஏற்றது என்று எழுதியிருக்கும் எவர்சில்வர் பாட்டாகப் பாருங்கள். ஆவியின் அழுத்தத்தில் தண்ணீர் தூள் வழியாக மேலேறும் பாத்திரம் அது. அதனால் தூளை அழுத்தி அடைக்கக் கூடாது, வால்வுக்கு மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது, சிக்கரி கலந்த தூளையும் தவிர்ப்பது நல்லது. டிகாக்ஷன் இறங்கக் காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களுக்குச் சரியான சாமான். உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் நாளடைவில் இறுகிவிடும், அது தனியாகக் கிடைக்கிறதா என்று கடையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.