பழக்கிய பின்னும் பிசுபிசுக்கும் இரும்பு வாணலி

நான்கு முறை எண்ணெய் தடவிச் சூடேற்றிப் பழக்கிய பின்னும் வார்ப்பிரும்பு வாணலி பிசுபிசுக்கிறதே, அதை மாற்ற வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். எண்ணெயை மிகுதியாகத் தடவியதே பெரும்பாலும் காரணம். வாணலியை மாற்ற வேண்டியதில்லை. மெல்லிய படலமாக இருந்தால்தான் எண்ணெய் சூட்டில் இறுகிக் கெட்டியான பூச்சாகும். தடித்துத் தேங்கினால் பசையாகவே நின்றுவிடும்.

வெந்நீர், சிறிது சோப்பு, தேங்காய் நார் கொண்டு அழுத்தித் தேய்த்துக் கழுவி (சோப்பே கூடாது என்பது மிகையான அச்சம்), ஈரம் வற்றும்வரை அடுப்பில் காயவையுங்கள். பிறகு அரைத் தேக்கரண்டி எண்ணெயைத் தடவி, உலர்ந்த பருத்தித் துணியால் மினுமினுப்பே தெரியாத அளவுக்குத் துடைத்தெடுத்து, சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, புகை எழுந்து அடங்கும்வரை சூடேற்றுங்கள். ஆறியதும் விரலால் தடவிப் பாருங்கள். ஒட்டினால் அடுத்த முறை எண்ணெயை இன்னும் குறையுங்கள்.

புதிய பூச்சைப் புளிப்பு அரிக்குமாதலால், சில வாரங்களுக்குப் புளிக்குழம்பையும் தக்காளித் தொக்கையும் வேறு பாத்திரத்தில் வையுங்கள். நான்-ஸ்டிக் வாணலியை ஒருபோதும் இவ்வாறு சூடேற்றக் கூடாது.