கேம்ஷாஃப்ட் மாற்றும் முன் என்னென்ன எடுத்து வைக்க வேண்டும்?

கேம்ஷாஃப்ட் என்பது முட்டை வடிவ மேடுகள் கொண்ட இரும்புத் தண்டு. பிஸ்டன் சுழற்றும் கிராங்க் தண்டு 2 சுற்று சுற்றும்போது இது 1 சுற்று சுற்றி, வால்வுகளை உரிய நேரத்தில் திறக்கும்.

எஞ்சினைத் திறந்துவிட்டுப் பொருளுக்கு அலைவது, எண்ணெய் காய்ந்தபின் கடுகு டப்பாவைத் தேடுவது போலத்தான். அதற்குள் தூசி உள்ளே போகும், கிராங்கையும் கேம்ஷாஃப்டையும் இணைக்கும் டைமிங் செயின் நழுவலாம். ஒற்றை சிலிண்டர் பைக் என்றால் ராக்கர் ஆர்ம் (கேம் மேடு தள்ள, வால்வை அழுத்தும் கை), ஹெட் கவர் கேஸ்கெட் (எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டின் மூடிக்கு அடியில் வைக்கும் கசிவுத் தடுப்பு), ஓ-ரிங் (ரப்பர் வளையம்), புது ஆயில் வாங்கி வையுங்கள். அப்புறம் வால்வு இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ், போல்ட்டை அளவோடு இறுக்கும் டார்க் ரெஞ்ச் இரண்டும் கட்டாயம். அலுமினிய ஹெட்டில் போல்ட்டைக் கைக்கணக்கில் இறுக்கினால் மரை போய்விடும்.

கேம்ஷாஃப்ட் மட்டும் புதிதாகப் போட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. பழைய ராக்கரின் முகத்தை நகத்தால் தடவுங்கள். பள்ளம் தட்டினால், அது புது மேட்டையும் சீக்கிரமே தேய்த்துவிடும்.