கோழிக்கூட்டுக்கு சோலார் ஃபேன் வாங்கலாமா?

கேள்வி: எட்டுக் கோழி வளர்க்கிறோம். ஆறடிக்கு நாலடி மரக்கூடு, தகரக் கூரை, ஒரு பக்கம் மட்டும் சின்ன ஜன்னல். காலையில் கதவைத் திறந்தால் நெடி மூக்கைத் துளைக்கிறது. கூரையின் உட்பக்கம் நீர் கோத்து நிற்கிறது. சோலார் எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: இப்போது வாங்காதீர்கள். பேட்டரி இல்லாத சோலார் ஃபேன் வெயில் இருக்கும்வரைதான் சுற்றும். அந்த நேரத்தில் கோழிகள் வெளியே மேய்ந்துகொண்டிருக்கும். எட்டும் உள்ளே அடைந்து, ராத்திரி முழுக்க மூச்சாலும் எச்சத்தாலும் ஈரத்தைச் சேர்க்கும்போது ஃபேன் நின்றுபோயிருக்கும். கூரையில் நீர் கோப்பது அந்த ராத்திரி ஈரத்தால்தான்.

காற்று வர ஒரு வழியும் போக ஒரு வழியும் வேண்டும். போகும் வழி உயரத்தில் இருக்க வேண்டும். கோழியின் உடல்சூடு ஏறக்குறைய 41 டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டில் ஈரக்காற்று தானாக மேலே எழும்பும். கூரையடியில் திறப்பு இருந்தால் ஃபேன் இல்லாமலே வெளியேறிவிடும்.

கோழிக்கு ஒரு சதுர அடி திறப்பு என்பது வீட்டில் வளர்ப்பவர்கள் பொதுவாக வைத்துக்கொள்ளும் கணக்கு. நீளவாட்டுச் சுவர் இரண்டிலும் கூரையை ஒட்டி அரையடி உயரத்துக்கு, ஆறடி நீளமும் திறந்தால் மொத்தம் ஆறு சதுர அடி வந்துவிடும். மீதி இரண்டுக்கு இருக்கிற ஜன்னலோடு கதவின் அடிப்பகுதியில் ஒரு திறப்பு போதும். கூரையைத் தாங்கும் கட்டைகளில் ரம்பம் படக்கூடாது. இடைப்பட்ட பலகையை மட்டும் எடுங்கள்.

வெட்டுவதற்கு முந்தைய ராத்திரி ஒரு வேலை இருக்கிறது. டார்ச்சோடு போய், கட்டையில் அடைந்திருக்கும் கோழியின் தலை எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்த்துச் சுவரில் கோடு போடுங்கள். மேல்திறப்பு அந்தக் கோட்டுக்கு ஒரு சாணாவது மேலே இருக்க வேண்டும். அவ்வளவு இடம் இல்லையென்றால் கோழி அடையும் கட்டையைக் கீழே இறக்குங்கள். தூங்கும் கோழியின் மேல் நேராகக் காற்று அடித்தால் ஒன்றைத் தீர்க்கப்போய் இன்னொன்றை இழுத்துக்கொள்வீர்கள்.

ஃபேனுக்கு வைத்த பணத்தைக் கம்பிவலைக்குப் போடுங்கள். அறுகோணக் கண் வைத்த கோழிவலை கோழியை உள்ளே நிறுத்தும், அவ்வளவுதான். எலி அதில் நுழையும், நாய் கிழித்துவிடும். அரை அங்குலக் கண் உள்ள வெல்டட் மெஷ் (கம்பிகளைப் பற்றவைத்த வலை) கேட்டு வாங்கி, வாஷர் வைத்து ஸ்குரூ போடுங்கள். கொசுவலை வேண்டாம், இறகுத்தூசி அப்பிக்கொண்டு காற்றையே மறித்துவிடும்.

நெடிக்குக் காரணம் ஈரமான எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா. எனவே தண்ணீர்த்தட்டு சிந்துகிறதா என்றும் பாருங்கள். தரையில் பரப்பிய மரத்தூளை ஒரு கைப்பிடி அள்ளிப் பிழியுங்கள். விரலை விரித்ததும் உதிர்ந்தால் நல்லது. கொழுக்கட்டை மாதிரி நின்றால் மாற்றியே ஆகவேண்டும். காற்றில் அம்மோனியா 25 பிபிஎம்மை, அதாவது பத்து லட்சத்தில் 25 பங்கைத் தாண்டவிடக்கூடாது என்பார்கள். தினமும் போகிறவர் மூக்கு அந்த நெடிக்குப் பழகிவிடும். வேறொருவரை விடியற்காலையில் கோழியின் உயரத்துக்குக் குனிந்து முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். அவருக்குக் கண் எரிந்தால் கோழிக்கும் எரிகிறது.

கடும் வெயில் காலத்தில் இதுவும் போதவில்லையென்றால் அப்போது ஃபேன் வாங்கலாம். மோட்டார் முழுக்க மூடியதாகவும் ராத்திரியிலும் ஓடக்கூடியதாகவும் இருக்க வேண்டும். காற்று நுழையும் திறப்புக்கு எதிர்ச்சுவரில் பொருத்துங்கள். வீட்டு மேசை ஃபேனை உள்ளே வைக்கவே வைக்காதீர்கள்; மோட்டாரில் தூசி அடைந்து சூடேறினால், கீழே காய்ந்த தூள் தீப்பிடிக்கக் காத்திருக்கிறது.

கேள்வி: மழையிலும் குளிரிலும் திறப்புகளை அடைத்துவிடலாமா?

பதில்: முழுக்க அடைக்காதீர்கள். காய்ந்த இறகு குளிரைத் தாங்கும். ஈரக்காற்றுதான் கோழியை வாட்டும். உறைபனி விழும் இடமானால் கொண்டையே கருகிப்போகும். மழைக்குத் திறப்பின் மேல் வெளிப்பக்கமாகச் சாய்ந்த பலகை போதும். காற்று வேகமாக அடிக்கும் பக்கத்தை மட்டும் பாதி மூடி, எதிர்ப்பக்கத்தைத் திறந்தே வையுங்கள். எவ்வளவு மூடுவது என்று தெரிய, அடையும் கட்டைக்கு மேலே நூலில் ஒரு மெல்லிய இறகைக் கட்டித் தொங்கவிடுங்கள். லேசாக அசைந்தால் சரி. துள்ளி ஆடினால் இன்னும் கொஞ்சம் மூடுங்கள்.