பட்டறைப் பதில்கள்

கேள்வி: ஐயா, சிங்கப்பூர் அப்பர் தாம்சன் சாலைப் பந்தயத்தில் அப்பா ஓட்டிய நார்ட்டன் மேங்க்ஸ் பந்தய மோட்டார் சைக்கிள் என்னிடம் இருக்கிறது. ஃபிரேமில் எஞ்சினைத் தாங்கும் கீழ்க்குழாய் இணைப்பு ஓரமாக விரிந்திருக்கிறது. ஆர்கன் வெல்டிங்கில் உடனே முடித்துத் தருகிறோம் என்கிறார்கள். செய்யலாமா?
வாசகர், ஈசூன்

பதில்: வேண்டாம் தம்பி. 1961 முதல் 1973 வரை அந்தச் சாலையில் நடந்த பந்தயங்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்த வண்டியை அவசரத்துக்குப் பலி கொடுக்காதீர்கள்.

இணைப்பில் பெயின்ட்டைச் சுரண்டிப் பாருங்கள். மஞ்சளாகத் தெரிந்தால் அது பித்தளைப் பற்று, அதாவது எஃகை உருக்காமல் பித்தளையை மட்டும் உருக்கி ஒட்டியது. பெல்ஃபாஸ்ட்காரர் ரெக்ஸ் மெக்கேன்ட்லஸ் வடிவமைத்த ஃபெதர்பெட் ஃபிரேம் அது. 1950-ல் மேன் தீவில் ஜெஃப் டியூக் சீனியர் டிடி பந்தயத்தை அதில்தான் வென்றார். பந்தய ஃபிரேமுக்கு ரெனால்ட்ஸ் 531 குழாய். மாங்கனீஸும் மாலிப்டினமும் சேர்ந்த எஃகு, சுவர் மெல்லியது. மிகையாகச் சூடேறினால் இணைப்பை ஒட்டிய இடம் பலமிழக்கும். பித்தளைக் கம்பி ஏறத்தாழ 900 டிகிரியில் உருகிவிடும். எஃகு உருக 1,400-க்கு மேல் வேண்டும். அதனால்தான் அன்று பித்தளையைத் தேர்ந்தெடுத்தார்கள். மலிவுக்காக அல்ல.

செம்பவாங் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தபோது புதியவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுத்தது இது: பித்தளை ஒட்டியிருக்கும் எஃகை ஆர்கன் வெல்டிங்கில் உருக்கினால், உருகிய பித்தளை எஃகின் நுண்மணிகளுக்கு நடுவே புகுந்து அதைப் பிளந்துவிடும். மேலே தையல் அழகாக இருக்கும், அடியில் விரிசல் ஓடியிருக்கும்.

பழைய பற்றை முழுதாக அரத்தால் எடுத்து, எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைத்து, கேஸ் சுடரில் பித்தளைப் பற்று வைக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். தண்ணீர் ஊற்றாமல் தானாக ஆறட்டும். அதற்கு முன் எஞ்சினை ஃபிரேமோடு பிணைக்கும் தகடுகளின் போல்ட்டுகளைப் பாருங்கள். ஒற்றை சிலிண்டர் எஞ்சின் பலமாக உதறும். ஒரு போல்ட் தளர்ந்தாலும் அந்த உதறல் குழாயில் இறங்கும். அதைச் சரிசெய்யாமல் பற்றவைத்தால் பக்கத்திலேயே மறுபடி விரியும்.

கேள்வி: மேங்க்ஸ் 500-ல் ஸ்ட்ரோக்கை, அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் ஓடும் தூரத்தை, ஏன் குறைத்தார்கள்?
வாசகி, அங் மோ கியோ

பதில்: பிஸ்டனின் வேகத்துக்காக அம்மா. பழைய ஸ்ட்ரோக் 100 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு 7,000 சுற்றில் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 23 மீட்டரைத் தாண்டும். 1954-ல் 85.6 ஆக்கியதும் அதே சுற்றில் 20 மீட்டர்தான். சிலிண்டர் விட்டம் 86 மில்லிமீட்டர் ஆனதால் பெரிய வால்வுகளுக்கும் இடம் கிடைத்தது.